கிளி பேசி முடிப்பதற்குள்

அந்த அலுவலகத்தில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பட்டாசு என்றால்தான் தெரியும். கீபோர்டில் அவள் விரல் விழுந்தால் சரம் கொளுத்திப் போட்ட மாதிரி இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் சத்தம் கேட்டு எட்டிப் பார்ப்பார்கள். பார்த்த பிறகுதான் அவளுக்குக் கண் தெரியாது என்பது புரியும். உடனே ஒரு 'ஐயோ பாவம்' முகத்தில் வந்து உட்காரும். அவர்கள் மூச்சை இழுக்கிற விதத்திலேயே அவள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். "பாவம் பாத்து முடிச்சாச்சுன்னா கொஞ்சம் நகருங்க, ஃபேன் காத்த மறைக்கிறீங்க" என்பாள். 'பாவம்' என்கிற அந்த ஒரு வார்த்தையைத் தவிர அவளை வேறு எது சொன்னாலும் தாங்கிக்கொள்வாள்.

டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புகிற அறிக்கைகளைக் கேட்டு, எழுத்தாக அடித்து ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்புவதுதான் அங்கே தொழில். காலடியில் ஒரு மிதி; அழுத்தினால் டாக்டர் பேசுவார், விட்டால் நிறுத்துவார். ஒரு டாக்டர் எதையோ மென்றுகொண்டே பேசுவார். இன்னொருவர் வாய்க்குள் கொசு புகுந்துவிடுமோ என்று பயந்தவர் போல உதட்டைத் திறக்காமல் முணுமுணுப்பார். கண்ணுள்ளவர்கள் தலையைப் பிடித்துக்கொள்கிற அந்தப் பதிவுகளெல்லாம் கடைசியில் பட்டாசு மேஜைக்குத்தான் வரும். அவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவனாவேன்.

தலைக்கனத்துக்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில் வந்த ஒரு காய்ச்சல் கண்ணை வாங்கிக்கொண்டு போனது. அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அண்ணன் வீடுதான் கதி. அண்ணியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், அப்படித் தங்கமானவள். சிக்கலே அதுதான். கடிந்து ஒரு வார்த்தை சொல்கிறவளிடம் பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறவளிடம் என்னவென்று சண்டை போடுவது? வேலை கிடைப்பதற்கு முன்பு, வீட்டுக்கு வருகிறவர்கள் அவளை எதிரில் வைத்துக்கொண்டே அண்ணியிடம், "இவ சாப்பிட்டாளா? குளிக்கிறதெல்லாம் தானா பண்ணிக்குவாளா?" என்று விசாரிப்பார்கள். அவள் நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்திருப்பாள். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அதே ஆட்கள், "என்னம்மா, ஆபீஸ்ல லீவு குடுக்க மாட்டேங்கிறாங்களா?" என்று நேராக அவளிடமே கேட்டார்கள். அண்ணன் மகளுக்கு அவள் சைக்கிள் வாங்கிக் கொடுத்த அன்று, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அண்ணி, "அத்தை வாங்கிக் குடுத்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் பாவம் இல்லை. வேலை போனால் மறுபடியும் அந்த நாற்காலிதான் என்பது பட்டாசுக்கு நன்றாகத் தெரியும். 

அவள் கம்ப்யூட்டருக்கு வாய் உண்டு. திரையில் வருகிற எழுத்தையெல்லாம் படித்துச் சொல்கிற ஒரு மென்பொருள். அவள் அதைக் கிளி என்பாள். கிளியை அவள் ஓட விட்டிருந்த வேகத்துக்கு, மற்றவர்கள் காதில் அது கீச்சுக்கீச்சு என்றுதான் விழும். கிளிக்கு ஒரு குணம் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு சாவியைத் தட்டினால் பாதியில் வாயை மூடிக்கொள்ளும். பட்டாசுக்கு அது ரொம்பப் பிடித்த குணம். மனிதர்களுக்கும் அப்படி ஒரு சாவி இருந்தால் நன்றாக இருக்கும் என்பாள்.

அடித்து முடித்த அறிக்கைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அவள் பயன்படுத்தியது எஃப்டிபி என்கிற பழைய வழி. கறுப்புத் திரை, அதில் எழுத்தாக அடிக்கிற கட்டளைகள், அவ்வளவுதான். படமும் கிடையாது, பட்டனும் கிடையாது. மற்றவர்களுக்கு அது கிழட்டு மாடு. எல்லாமே எழுத்தாக இருப்பதால் கிளிக்கு அதுதான் ராஜபாட்டை.

அந்த வழியில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு ஒரு பாதை; கோப்பை அனுப்புவதற்குத் தனியாக இன்னொரு பாதை. இந்த இரண்டாவது பாதையை யார் திறப்பது என்பதில்தான் வம்பு. 'நான் இந்த வாசலில் நிற்கிறேன், நீயே வந்து வாங்கிக்கொள்' என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பது ஆக்டிவ். 'நீ எந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறாய், சொல். நானே கொண்டுவந்து தருகிறேன்' என்று கிளம்பிப் போவது பாசிவ். அலுவலகத்தில் ஃபயர்வால் என்று ஒரு காவல் பெட்டி இருந்தது. உள்ளேயிருந்து வெளியே போகிறவர்களை விடும். வெளியிலிருந்து வந்து தட்டுகிறவர்களை, நாமே வரச் சொல்லியிருந்தாலும், விரட்டிவிடும். ஆக்டிவில் அனுப்பினால் வாங்க வந்தவன் வாசலோடு திரும்பிவிடுவான். இங்கே கோப்பு காத்துக் கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்து இணைப்பு செத்துப்போகும். அதனால் உள்ளே நுழைந்ததும் 'பாசிவ்' என்று ஒரு சொல் அடித்துவிட வேண்டும். பட்டாசு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சொல் அவள் விரலில் குடியிருந்தது. அடிப்பாள், கிளி 'பாசிவ் மோட்' என்று ஆரம்பிக்கும், மீதியைச் சொல்வதற்குள் அடுத்த கட்டளையை அடித்துவிடுவாள். பதில் தெரிந்த கேள்விக்கு வாய் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு என்ன தலையெழுத்து?

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் தலைமை அலுவலகம் கட்டையைப் போட்டது. இனி எல்லோரும் மவுஸால் அனுப்புகிற புது ப்ரோக்ராமுக்கு மாற வேண்டும் என்று உத்தரவு. அந்த ப்ரோக்ராமைத் திறந்தால் கிளி, 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மட்டும் கத்தியது. எந்தப் பட்டன், என்ன பட்டன் என்று அதற்குத் தெரியாது. மேனேஜர் மேடம் கொஞ்சம் ஈரமுள்ளவர். மேலிடத்தில் பேசி, பட்டாசுக்கு மட்டும் பழைய வழியிலேயே அனுப்ப ஒரு மாதம் அவகாசம் வாங்கினார். அந்த மாதத்தில் ஒரு புகாரும் வரக்கூடாது. வந்தால் அவளும் புது ப்ரோக்ராம்தான். அதாவது, வீட்டு நாற்காலிதான்.

அதே வாரம் எல்லா மேஜைக்கும் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. காவல் பெட்டியையும் மாற்றினார்கள். இரண்டையும் மாற்றியவர் வயர்க்காரர். கம்ப்யூட்டர் இணைப்புகளைப் பார்த்துக்கொள்கிற ஒப்பந்த ஆள் அவர். எப்போதும் தோளில் ஒரு வயர்ச் சுருள் தொங்கும் என்பதால் அந்தப் பெயர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அதிர்ந்து பேசத் தெரியாது. பட்டாசின் புதுக் கம்ப்யூட்டரில் கிளியைக் கொண்டுவந்து உட்கார வைப்பதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"வயர்க்காரரே, கிளி நல்லா பேசுது. உங்கள விட நல்லாவே பேசுது" என்றாள் பட்டாசு.

"நான் பேசுனா யாருக்கா கேக்கப் போறாங்க?" என்று சிரித்துவிட்டுப் போனார் அவர்.

அன்று மாலை அவள் அனுப்பிய ஒரு கோப்பும் போய்ச் சேரவில்லை. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தாள், ஆஸ்பத்திரி உள்ளே விட்டது. பாசிவ் அடித்தாள். கோப்பை அனுப்பினாள். அசைவில்லை. கடைசியில் கிளி, இணைப்பைத் திறக்க முடியவில்லை என்றது. மறுபடி நுழைந்தாள், மறுபடி பாசிவ், மறுபடி அதே கதை. பக்கத்து மேஜைகளில் மவுஸ்காரர்களின் கோப்புகள் ஜாம்ஜாம் என்று போய்க்கொண்டிருந்தன.

பட்டாசுக்கு இந்த நோய் பழக்கம். பாசிவ் அடிக்க மறந்தால் இப்படித்தான் ஆகும். ஆனால் அவள்தான் மறக்கவில்லையே. ஆக, தப்பு புதுக் காவல் பெட்டியில். கணக்கு சரியாகத்தான் வந்தது. காக்கை உட்கார்ந்ததும் பனம்பழம் விழுந்தால் யார்தான் காக்கையைச் சந்தேகப்பட மாட்டார்கள்? பின்னால் யாரோ ஒருத்தி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று மெதுவாகச் சொன்னாள். பட்டாசின் காதுக்கு மெதுவாக என்று ஒன்று கிடையாது. அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. எழுந்து நேராக மேடம் அறைக்குப் போனாள்.

அடுத்த நாளும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். வீட்டுக்குப் போக வேண்டிய நோயாளிகள் அறிக்கை வராமல் கட்டிலிலேயே கிடக்கிறார்கள் என்று சத்தம். மேடம் அவளையும் வயர்க்காரரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு எனக்கு ஒரு முடிவு தெரியணும். ஒண்ணு உங்க ஃபயர்வால் தப்பு, இல்ல இவ தப்பு. இவ தப்புன்னா நாளைக்கே புது ப்ரோக்ராம்தான். என்னால அதுக்கு மேல தாங்க முடியாது."

"மேடம், இவர் பெட்டிய மாத்துன அன்னைக்கே என் ஃபைல் நின்னுபோச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள் பட்டாசு.

"அக்கா எப்படி அனுப்புறாங்கன்னு ஒரு தடவ பாத்துட்டு சொல்றேன் மேடம்" என்றார் வயர்க்காரர்.

அவர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் நிற்பதே அவளுக்குச் சோதனை போடுவது மாதிரி இருந்தது. வேகமென்றால் என்னவென்று காட்டுகிறேன் பார் என்று விரலை விட்டாள். பெயர், கடவுச்சொல், பாசிவ், அனுப்பு. சரம் வெடித்து ஓய்ந்தது. கோப்பு அசையவில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம். இதுல என்ன வந்திருக்குன்னா..."

"தெரியும். இணைப்பு தெறக்கலன்னு வந்திருக்கு." அவள் ஏற்கனவே மறுபடியும் நுழைந்துகொண்டிருந்தாள்.

"அது இல்லக்கா, அதுக்கு மேல ஒரு வரி..."

"வயர்க்காரரே, இத நான் எத்தன வருஷமா அடிக்கிறேன்னு தெரியுமா உங்களுக்கு? போய் உங்க பெட்டியப் பாருங்க." சாவிகள் படபடத்தன. ஒரு காதில் கிளி, மறு காதில் தன் சாவிச் சத்தம். அதற்கு மேல் அவர் ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. அவள் 'ம்' என்றாள். எதற்கு 'ம்' என்றாள் என்று அவளுக்கே தெரியாது.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேடம் அறைக்குப் போய், "என் பக்கமாத்தான் இருக்கும் மேடம். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் வெளியிலேர்ந்து உள்ள வர்றதுக்கு வழி தெறக்கணும். அதுக்குத் தலைமை அலுவலகம் அனுமதி குடுக்கணும்" என்றார். கதவு திறந்துதான் இருந்தது. கேட்டபோது பட்டாசுக்கு மனசு குளிர்ந்துபோனது. இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் இருந்தவள், அன்று அண்ணி போட்டதையெல்லாம் சாப்பிட்டாள்.

அனுமதி வரவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு பெட்டியை ஒழுங்காக மாட்டத் தெரியாத ஆள் எதற்கு என்று வயர்க்காரரின் ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். தலைமை அலுவலகமே தன் ஆள் ஒருவரை அனுப்பியது. அவர் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் மட்டும் உள்ளே வரும்படி வழி திறந்துவிட்டார். அன்றே பட்டாசின் கோப்புகள் சரசரவென்று போய்ச் சேர்ந்தன. கூடம் கோணல் என்று சொன்னவள் தானாக வந்து டீ வாங்கிக் கொடுத்தாள். அந்த மாதம் முடிந்தபோது, பட்டாசு பழைய வழியிலேயே தொடரலாம் என்று மேலிடம் எழுதிக் கொடுத்தது. வயர்க்காரர் சொல்லிக்கொண்டு போக வந்தபோது அவள் காதில் டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். மிதியை விடாமலே கையை மட்டும் ஆட்டினாள்.

இங்கே அவள் வீட்டு மாடிப்படி விளக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்குப் படியின் அடியில் ஒரு ஸ்விட்ச், உச்சியில் ஒரு ஸ்விட்ச். எதைத் தட்டினாலும் எரிகிற விளக்கு அணையும், அணைந்த விளக்கு எரியும். ஸ்விட்ச் மேல்பக்கம் சாய்ந்திருக்கிறதா கீழ்ப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, விளக்கு எரிகிறதா என்று தெரிந்துகொள்ள முடியாது. அண்ணன் மகள் இருட்டில் விழுந்துவிடக் கூடாதே என்று அத்தை போகிறபோக்கில் தட்டிவிட்டுப் போவாள். அண்ணி ஏற்கனவே விளக்கைப் போட்டிருப்பாள். "அத்தை, வெளிச்சத்த அணைச்சிட்டியே" என்று மாடியிலிருந்து பெண் கத்தும். வீடே சிரிக்கும்.

மழைக்காலம் வந்தது. பட்டாசுக்கு நல்ல ஜலதோஷம். ஒரு நாள் மாலை, பாசிவ் என்று அடித்து முடித்த நொடியில் தும்மல் வந்துவிட்டது. ஒன்றல்ல, வரிசையாக. இரண்டு கையும் முகத்துக்குப் போய்விட்டன. சாவியின் மேல் விரல் இல்லை. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கிளி அந்த வாக்கியத்தை முழுசாகப் பேசி முடித்தது.

'பாசிவ் மோட் ஆஃப்.'

மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அந்தச் சொல்லை மறுபடி அடித்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். 'பாசிவ் மோட் ஆன்.' மறுபடி அடித்தாள். 'ஆஃப்.' வெளியே வந்து, புதிதாக நுழைந்து, அந்தச் சொல்லை அடிக்காமலே நிலைமை என்ன என்று கேட்கிற கட்டளையைக் கொடுத்தாள். ஆன் என்றது.

பழைய கம்ப்யூட்டர் ஆக்டிவில் தொடங்கும். அதனால் அந்தச் சொல் அதைப் பாசிவுக்கு மாற்றியது. புதுக் கம்ப்யூட்டர் தொடங்கும்போதே பாசிவில்தான் இருந்தது. இவள் வந்து, இவள் கையாலேயே, எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்திருக்கிறாள். பழக்கதோஷம். காவல் பெட்டியில் ஒரு குற்றமும் இருந்ததில்லை. அந்த ஒரு சொல்லை அடிக்காமல் சும்மா இருந்திருந்தால் முதல் நாளே எல்லாம் போயிருக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டது. பாவம் இங்கே நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது.

அவள் மேடம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் எழுந்து போய்க் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். 

"நீ சொன்னது என் காதுல விழல" என்றார். "விழுந்தா நான் எழுதி அனுப்பணும். அனுப்புனா உன்னக் கொண்டுபோய் மவுஸ்ல உக்கார வைக்கணும். போன மனுஷன் அதுனால திரும்ப வரப்போறதில்ல. போம்மா, போய் வேலையப் பாரு."

அவள் போய் வேலையைப் பார்த்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மேடம் அப்படிச் சொன்னதும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

அதன் பிறகு அந்த மேஜையில் சரம் வெடிக்கவில்லை. ஒரு கட்டளை அடிப்பாள், கையை மடியில் வைத்துக்கொள்வாள், கிளி கடைசி எழுத்துவரை பேசி முடிக்கக் காத்திருப்பாள். "என்னக்கா, பட்டாசு நமத்துப்போச்சா?" என்று கிண்டல் செய்தார்கள். "மழைக்காலம்ல" என்று சொல்லிச் சமாளித்தாள். வீட்டில் மாடிப்படி ஸ்விட்சைத் தொடுவதையே விட்டுவிட்டாள். 

வயர்க்காரரின் நம்பர் அவளிடம் முதலிலிருந்தே இருந்தது. பல தடவை எடுத்து எடுத்து வைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, கூப்பிட்டுவிட்டாள். பின்னால் ஒரு குழந்தை பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. அவள் சுற்றி வளைக்கவில்லை. தும்மலிலிருந்து மேடம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அன்னைக்கே தெரியும்க்கா" என்றார் அவர். "உங்க பின்னாடி நின்னப்பவே ஸ்க்ரீன்ல பாத்தேன். ஆஃப்னு வந்திருந்துச்சு."

"தெரிஞ்சா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்க்கா. நீங்க டைப் பண்ணிட்டு இருந்தீங்க."

 "சரி, நான்தான் கேக்கல. மேடம்கிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு உங்க பக்கம் தப்புன்னு சொன்னீங்க?"

 அவர் குழந்தையை அந்தப் பக்கம் போய்ப் படிக்கச் சொன்னார்.

"மேடம்தான் சொன்னாங்களே, உங்க தப்புன்னா நாளைக்கே மாத்திருவேன்னு. என்னக்கா பண்றது? உங்களப் பாத்தா பாவமா இருந்துச்சு. எனக்குக் கண்ணு இருக்கு, எங்கயாவது பொழச்சுக்கலாம்னு நெனச்சேன்."

"வேல கெடச்சுதா?"

"இன்னும் இல்லக்கா. பாத்துட்டு இருக்கேன்."

அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அவ்வளவுதான் பேசினார். ஃபோனை வைத்த பிறகும், கூடத்து நாற்காலியில், வீட்டார் திரும்பி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். அண்ணி உள்ளே வந்து விளக்கைப் போட்டுவிட்டு, "என்னம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.